வழி விடும் தூரம்

9 பிப்ரவரி 2051, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வண்டி நிற்கும் தூரத்தை நான் அளந்த நாடா மீட்டர் நாடா அல்ல, அடி நாடா. ராத்திரி பட்டறைச் சுவரில் அதை ஆணியில் தொங்கவிட்டபோது, என் உச்சந்தலை ஐந்தே கால் என்ற எண்ணுக்கு நேராக இருந்தது. நான் ஐந்தே கால் மீட்டர் உயரம் இல்லை. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் மிகுந்த கவனத்தோடு தவறாக அளந்திருக்கிறேன்.

நறுமுகை பேனாவை மூடினாள். எழுதியதைத் திரும்பப் படித்தாள். 'சின்ன' என்ற சொல்லில் கண் நின்றது. அதை அடிக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு எதிலுமே அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள்.

இத்தனைக்கும் அன்று பகல் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

பீளமேட்டில் கோகிலாமணியின் பட்டறை. மணியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பழைய பெட்ரோல் வண்டிகளை மீட்டெடுத்து விற்பது அங்கே தொழில். பகலில் நறுமுகைக்கு அங்கே வேலை, சாயங்காலம் பக்கத்திலேயே மாலைநேரக் கல்லூரி. ஒரு வருடத்துக்கு மேலாகப் பட்டறையின் நடுவில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. எண்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் செய்து, யாரோ ஒரு மில் முதலாளியின் மகன் ஆசைப்பட்டுக் கப்பலில் இறக்கி, பிறகு பஞ்சுக் குடோனில் மறந்துபோன வண்டி. எட்டு சிலிண்டர். ஆள் படுத்துத் தூங்கலாம் போல நீளமான பானெட். ஸ்டியரிங் இடப்பக்கம். பிரேக்கும் பெயின்ட்டும் பட்டறை மெக்கானிக் இஸ்மாயிலின் கைவேலை. நாவல்பழ நிறத்தில் அவன் பூசியிருந்த பெயின்ட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

விற்பனைக்கு என்று அறிவித்த மூன்றாம் நாளான அன்றே திருப்பூரிலிருந்து தண்டபாணி வந்துவிட்டார். பனியன் ஏற்றுமதிக்காரர், நாற்பது வயது இருக்கும். வந்த வேகத்தில் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார், குனிந்தார், நிமிர்ந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினார்.

"கோயிலுங்களா இது?" என்றான் இஸ்மாயில்.

"பின்னே? நீங்க சாவியைத் திருப்புங்க, நான் கன்னத்துல போட்டுக்கறேன்."

மணியக்கா சாவியைத் திருப்பினாள். முதலில் ஒரு இருமல். அடுத்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஓர் உறுமல். மேசையில் இருந்த ஸ்பேனர்கள் தாமாக நகர்ந்தன. டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. இத்தனை மாதமாக எத்தனையோ தடவை கேட்டிருந்தும் நறுமுகைக்குப் புறங்கையில் மயிர் சிலிர்த்தது. தண்டபாணி என்னவோ கத்தினார். வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

எஞ்சினை அணைத்ததும் அவர் கேட்டார். "அதெல்லாஞ் செரிங்க. ரோட்டுல எப்படிங்க விடுவாங்க? இன்னைக்கு வண்டின்னா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குது. ஓட்டறதுக்கு ஆளே கெடையாது. இது வாயில்லா வண்டி. வாயும் இல்ல, காதும் இல்ல."

இந்தக் கேள்விக்காகத்தான் நறுமுகை காத்திருந்தாள். "உள்ள ஒரு தூதுப் பெட்டி மாட்டியிருக்கோமுங்க. 'நான் காது கேக்காத வண்டி, என்னை ஒரு மனுசன் ஓட்டறான், சட்டுன்னு நிக்கறதுக்கு எனக்கு இவ்வளவு தூரம் வேணும்'னு அது சுத்தியிருக்கற வண்டிக்கெல்லாம் சொல்லிட்டே இருக்கும். அந்தத் தூரத்துக்குள்ள ஒரு வண்டியும் வராது. விலகிக்கும், இல்லாட்டி நின்னுக்கும்."

"எவ்வளவு தூரம்?"

"நூத்தம்பத்தொரு மீட்டருங்க. நானே அளந்தேன்."

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அளந்த அன்று, வண்டியை ஓட்டி நிறுத்திப் பார்த்த காலி ஓடுபாதையில் டயர் இழுத்த கோடு கண்ணுக்குக் குட்டையாகத் தெரிந்தது உண்மை. ஆனால் தன் கண்ணை நம்பி அவளுக்குப் பழக்கமில்லை. நாடாவில் எண் இருந்தது. எண்ணை நம்பினாள்.

ஐந்து மணிக்கு அவிநாசி ரோட்டில் இறங்கினார்கள். மணியக்கா ஓட்ட, பக்கத்தில் தண்டபாணி, பின்சீட்டில் நறுமுகை. அந்த நேரத்தில் அந்த ரோடு எறும்புச் சாரை மாதிரி இருக்கும். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு அத்தனையும் ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் தலை குனிந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாவல்பழ வண்டி மூக்கை நீட்டியதும் அந்தச் சாரை கலைந்தது. முன்னால் போனவை வேகம் பிடித்து ஓடின. பின்னால் வந்தவை அப்படியே நின்றன. பஸ்கள் ஓரம் ஒதுங்கின. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் ரோடு. சாயங்கால வெயிலில் தார் பளபளத்தது.

மணியக்கா கியரை மாற்றி ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். சீட் நறுமுகையின் முதுகில் வந்து மோதியது. அவள் வீறிட்டாள். பயத்தில் இல்லை.

"அக்கா! அக்கா!" என்று தண்டபாணி டேஷ்போர்டைத் தட்டினார். "இன்னொரு ரவுண்டு! என்ற பொண்டாட்டி மேல சத்தியமா, இன்னொரே ரவுண்டு!"

மூன்று தடவை போய் வந்தார்கள். நவஇந்தியா ஸ்டாப்பில் பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. ஜன்னல்களில் குண்டூசித் தலை போல முகங்கள். நறுமுகை கையை ஆட்டினாள். யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை. ரொம்பத் தூரம்.

"சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்," என்றார் தண்டபாணி, இறங்கும்போது. "வேற ஆருக்கும் காட்டிப்போடாதீங்க."

ஆறு மணிக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. அளவியல் பாடம். நறுமுகை காதில் இன்னும் எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, மைக்ரோமீட்டரை ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்து எழுதினாள். ஆறு அடித்ததுமே கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள். கண்ணாடிக்கு வெளியே சகாயமேரி. உப்பிலிபாளையத்தில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை பார்ப்பவள். பாவாடை ஓரத்தில் கரிமணல் ஒட்டியிருக்க, அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"சாத்துன கதவைத் திறக்கக் கூடாதும்மா. விதி," என்றார் தேர்வாளர். "இனி அடுத்த வருசந்தான்."

முடிந்து வெளியே வந்தபோது சகாயமேரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன்டி இன்னைக்குப் போய் லேட்டு?"

"நானாடி லேட்டு? பஸ்ஸு நவஇந்தியாவுல நின்னுபோச்சு. கெளம்பும், நூறடி போகும், மறுபடி நின்னுக்கும். முன்னால ரோடு காலியாக் கெடக்குது முகை. காலி ரோட்டுல பஸ்ஸு நிக்குது. எதுக்குன்னு பஸ்ஸுக்கே தெரியல. உள்ள ஒரு பெரியவரு 'பிரதமரு வர்றாரு'ங்கறாரு. ஒரு அம்மா 'இல்ல, பாம்பு கெடக்குது'ங்குது. இறங்கி ஓடியாரலாம்னா கதவும் திறக்கல. ஒரு வருசம் போச்சு. இது பாஸானா சூப்பர்வைசர் போஸ்ட்டு தர்றதா சொல்லியிருந்தாங்க. அதுவும் போச்சு."

அதற்குப் பிறகுதான், ஓடுபாதையில் பார்த்த குட்டைக் கோடு நினைவுக்கு வர, நறுமுகை பட்டறைக்குப் போய்ப் பையிலிருந்த நாடாவை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஐந்தே கால்.

டைரியை மறுபடி திறந்து 'சின்ன' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

மறுநாள் காலை, டீ வந்த கையோடு சொல்லிவிட்டாள். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டோம் என்று பயம்.

"அக்கா, அது நூத்தம்பத்தொரு மீட்டர் இல்லீங்க. அடி. டிக்கியில கெடந்த நாடால அளந்துட்டேன். சுவத்துல மாட்டிப் பாத்தா என்ற உயரமே அஞ்சே காலுன்னு காட்டுது. மீட்டர்ல நாப்பத்தாறுதான் வரும்."

மணியக்கா டீயை உறிஞ்சுவதை நிறுத்தினாள். இஸ்மாயில்தான் முதலில் சிரித்தான்.

"அஞ்சே கால் மீட்டர் பொண்ணு! உனக்கு மாப்பிள்ளை பாக்க கிரேன் வெக்கோணும்டி." சிரித்து முடித்தவன் முகத்தில் வேறொரு சந்தோஷம் வந்தது. "அப்ப நாப்பத்தாறுலயே நிக்குதா? அடிப்பாவி! நூத்தம்பதுன்னு நீ சொன்னதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. பிரேக்கு டிரம்மு ஒவ்வொண்ணையும் நானே கடைஞ்சு மாட்டி, இப்படி மாட்டுவண்டி கணக்கா நிக்குதேன்னு..."

"செரி, மாத்திப்போடு. நாளைக்கு அந்தாளு வர்றதுக்குள்ள மாத்திப்போடு. இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நிக்கற," என்றாள் மணியக்கா.

அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. தூரத்தை மாற்றுவது, வண்டிகளின் பேச்சைக் கவனிக்கும் அரசு அலுவலகமான சாலைத் தொடர்பகத்தின் வேலை. அங்கே குழந்தைவேலு என்ற அதிகாரி போனை எடுத்தார்.

"கூட்டோணுமாம்மா? எவ்வளவு போடட்டும்?"

"இல்லீங்க சார். குறைக்கணும்."

அந்தப் பக்கம் எதையோ தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"குறைக்கறதுக்கு இதுல பட்டனே இல்லியே."

"ஆரும் கேட்டதில்லைங்களா?"

"எல்லாரும் கூட்டத்தான் வருவாங்க. பிரேக்கு பழசு, பயமா இருக்குதும்பாங்க. பட்டறைக்காரங்க எழுதிக் குடுத்தா நாங்க போட்டுடுவோம். குறைக்கறதுன்னா..." அவர் எதையோ புரட்டினார். "நேர்ல சோதனை வெக்கோணும். நாளைக் காலைல திடலுக்கு வண்டியைக் கொண்டாங்க. ஒரே ஓட்டம். எங்க நிக்குதோ அதான் தூரம்."

நறுமுகை தயங்கித் தயங்கி அடுத்ததையும் கேட்டாள். நேற்று அந்த வண்டியால் பஸ் நின்றது என்று ஒரு கடிதம் கிடைத்தால், கல்லூரியில் சகாயமேரிக்கு மறுபடி தேர்வு வைப்பார்களா?

"தூரம் தப்புன்னு சோதனையில தெரிஞ்சா கடிதம் தரலாம், தேர்வு வெச்சுத்தான் ஆகோணும். நாளைக்கு உங்க வண்டி நிசமாவே நூத்தம்பதுலதான் போய் நின்னுச்சுன்னு வெய்யி, அப்ப அது அந்த வண்டிக்கு உண்டான இடம். பஸ்ஸு நின்னது நியாயம்தான். கடிதம் கெடையாது."

மத்தியானமே தண்டபாணி வந்து நின்றார். சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லையாம். கையில் ஒரு கூடை சாத்துக்குடி. மணியக்கா சிரித்துக்கொண்டே நாடா கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க்கா, அந்த நூத்தம்பதோட சேத்தித்தானுங்களே நான் கேட்டது?"

"நீங்க கேட்டது வண்டிதானுங்க?"

"வண்டிதான். இல்லீன்னு சொல்லல." அவர் கூடையைக் கீழே வைத்தார். "நான் வெளிப்படையாச் சொல்லிப்போடறேன். பொறந்ததுல இருந்து ஒரு சாண் தள்ளி அடுத்தவன் மூஞ்சியைப் பாத்துட்டே போயிட்டிருக்கேனுங்க. முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், பக்கத்துல ஒருத்தன். வண்டி போற வேகந்தான் நானும் போகோணும். நேத்து அந்த ரோடு எனக்கு வழி விட்டுச்சு பாருங்க, வீட்டுக்குப் போயி நான் தூங்கல. ஈரோட்டுல என்ற சிநேகிதன் ஒருத்தன் இதே மாதிரி வெச்சிருக்கான். அவனுக்கு இருநூறு போட்டுக் குடுத்திருக்காங்க. அவனைப் பாத்துத்தான் நான் தேட ஆரம்பிச்சதே."

"என்ன எஞ்சினுங்க அவருது?" மணியக்காவுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

"எஞ்சினா? அதைக் கழட்டி ஷெட்டுல போட்டுட்டான். உள்ள பேட்டரி மோட்டார்தான். சத்தமில்லாமப் போலாம் பாருங்க. நம்முளுக்கு வேண்டியது அந்த இடந்தானே."

மணியக்கா கையிலிருந்த பனியன் துணியால் பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்தாள். பிறகு நின்று துணியையே பார்த்தாள்.

தண்டபாணி கெட்ட ஆள் இல்லை. கதவு வரை போனவர் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, கூச்சத்தோடுதான் சொன்னார். "நாளைக்குச் சோதனையில ஓட்டப்போறது நீங்கதானுங்க? கால் உங்க கால்தானே. கொஞ்சம் மெதுவா வெச்சா ஆருக்கென்ன தெரியப்போகுது? அங்கியே சாவியை வாங்கிட்டு, கையோட எல்லாத்தையும் முடிச்சுப்போடலாம்."

அவர் போனதும் இஸ்மாயில் ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்தான். யாருக்கும் கொடுக்கவில்லை.

"அக்கா, என்ற கிளாஸ்ல ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்து நறுமுகை எல்லாவற்றையும் சொன்னாள். மூடிய கதவு, கரிமணல், சூப்பர்வைசர் போஸ்ட்டு.

"எல்லாம் என்ற காதுல விழுவுது," என்றாள் மணியக்கா. "பின்னால கொட்டகையில ஒரு வண்டி துருப்புடிச்சு நிக்குதே, அதுவும் உன்ற கண்ணுல படுதா? இது வெளிய போனாத்தான் அது உள்ள வரும். இந்த ஊர்ல இப்படி ஒரு வண்டி கேட்டு இனி எவன் வரப்போறான்? நேத்து எஞ்சினைக் கேட்டு அந்தாளு கத்துனப்ப, சாமி, எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்பப் பாத்தா அவன் எஞ்சினுக்குக் கத்தல."

"அதில்லீங்க்கா..."

"நீ கிளாஸுக்குப் போ. நேரமாச்சு."

நாளைக்கு என்ன செய்யப் போகிறாள் என்று மணியக்கா சொல்லவில்லை. நறுமுகை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமைக் காலை. ஊருக்கு வெளியே தொடர்பகத்தின் திடல். நேராக நீண்ட ஒரு சிமென்ட் பாதை. நடுவில் வெள்ளைக் கோடு. குழந்தைவேலு முக்காலியின் மேல் தூரம் அளக்கும் ஒளிக்கருவியை நிறுத்தி வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், தலைக்குக் கைக்குட்டை கட்டியிருந்தார். பழைய பெட்ரோல் எஞ்சினை நேரில் கேட்டதே இல்லை என்று சொல்லிக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி தண்டபாணி, பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில். அதற்கும் தள்ளி இஸ்மாயில், நகத்தைக் கடித்தபடி.

"கோடு வந்ததும் பிரேக். அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. வேகம் மணிக்குத் தொண்ணூத்தாறு கிலோமீட்டர், உங்க முள்ளுல அறுபது மைல்," என்றார் குழந்தைவேலு. "சாட்சிக்கு ஒரு ஆள் உள்ள உக்காரோணும்."

நறுமுகை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பெல்ட்டு போட்டியா?"

"போட்டேனுங்க்கா." இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

மணியக்கா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முகை, நிசமாவே நாப்பத்தாறுதானா? இல்ல, அதுலயும் ஏதாவது குளறுபடி இருக்குதா?"

ஒருவேளை அந்த நாடாவே நீண்டு போயிருந்தால்? வகுத்தது தப்பாக இருந்தால்? வழக்கம்போல நறுமுகைக்கு ஆயிரம் சந்தேகங்கள் வரிசை கட்டி வந்தன. அப்போது ஓடுபாதையில் பார்த்த அந்தக் குட்டையான கறுப்புக் கோடு கண்முன் வந்தது.

"நான் கண்ணாலயும் பாத்தேனுங்க்கா," என்றாள். "சீக்கிரமாத்தான் நின்னுச்சு."

மணியக்கா எஞ்சினைக் கிளப்பினாள். வண்டி ஒரு கணம் பின்னால் குந்தி, பாய்ந்தது. இரண்டாம் கியர். மூன்றாவது. உறுமல் ஏறி ஏறி ஒரே இரைச்சலானது. ஜன்னல் வழியே காற்று அறைந்தது. திடலோரத்து வேப்பமரங்கள் பச்சைக் கோடாக ஓடின. முள் அறுபதைத் தொட்டது. வெள்ளைக் கோடு சின்னதாகத் தெரிந்தது, பெரிதானது. நறுமுகை ரோட்டைப் பார்க்கவில்லை. மணியக்காவின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது. பிரேக்குக்கு மேலே வந்தது. அங்கே நின்றது போல இருந்தது.

அப்புறம் இறங்கியது. மிதித்தது என்று சொல்ல முடியாது. மணியக்கா சீட்டிலிருந்து எழுந்து, உடம்பின் பாரம் மொத்தத்தையும் அந்தப் பெடலின் மேல் ஏற்றி நின்றாள்.

டயர்கள் அலறின. பெல்ட் தோளை வெட்டியது. பானெட் தரையை முகர்வது போலக் குனிந்தது. ரப்பர் கருகும் வாசம் உள்ளே புகுந்தது. பிறகு ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. எஞ்சினும் நின்றுபோனது. திடல் முழுக்க அமைதி.

"நாப்பத்து மூணு!" என்று குழந்தைவேலு கத்தினார். காதில் பஞ்சு இருந்ததால் ரொம்பச் சத்தமாகவே கத்தினார். "மீட்டர்! நாப்பத்து மூணு மீட்டர்!"

இஸ்மாயில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் பின்சக்கரத்தைக் கட்டிப்பிடித்தான், சூடு பட்டு "யா அல்லா!" என்று துள்ளினான், மறுபடி கட்டிப்பிடித்தான். நறுமுகை கத்திக்கொண்டே இறங்கினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. இறங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கவில்லை.

தண்டபாணி மெல்ல நடந்து வந்தார். பானெட்டில் கை வைத்தார். கை சுட்டது, எடுத்து ஊதிக்கொண்டார்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நெசமாச் சொல்லட்டுங்களா? கோட்டுக்குக் கிட்ட வர்ற வரைக்கும் மெதுவா வெக்கறதாத்தான் இருந்தேன்." மணியக்கா இஸ்மாயிலைக் காட்டினாள். "காலு கேக்கலீங்க. அவன் ராத்திரி பகலா உக்காந்து அந்த டிரம்மைக் கடைஞ்சிருக்கான். இந்தப் புள்ளை வெயில்ல நாடாவைப் புடிச்சுட்டு நின்னிருக்குது. நல்லா நிக்கற வண்டியை நிக்காதுன்னு நடுத் திடல்ல வெச்சு நானே எப்படிங்க சொல்லுவேன்?"

"நல்ல வண்டிங்க," என்றார் அவர். உண்மையாகவே சொன்னார். பிறகு தன் வண்டியில் ஏறிக்கொண்டார். அது சத்தமில்லாமல் அவரை எடுத்துக்கொண்டு போனது.

குழந்தைவேலு கையிலிருந்த கணினிப் பலகையில் நாற்பத்து மூன்றைப் பதிந்தார். சகாயமேரிக்கான கடிதத்தையும் அங்கேயே தயார் செய்து கல்லூரிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவட்டத்துலயே இதான் குறைச்சல்," என்றார். "இதுக்கு அடுத்தது நூத்தி முப்பது. அப்ப மத்த வண்டிகளுக்கெல்லாம் பிரேக்கே புடிக்காதா?"

கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டார் போல. ஆனால் நறுமுகைக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லலாமா, அதிகப்பிரசங்கித்தனமா என்று ஒரு கணம். சொல்லிவிட்டாள்.

"புடிக்கலைன்னா அதெல்லாம் ரோட்டுக்கே வரக் கூடாதுங்க சார். புடிக்குதுன்னா, அத்தனை இடம் எதுக்குங்க?"

குழந்தைவேலு காதுப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இதை நீ நேத்தே போன்ல கேட்டிருந்தா நான் இன்னைக்கு லீவு போட்டிருப்பேன்," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஒவ்வொரு வண்டியையும் கூப்பிட்டாகோணும். எத்தனை பெரிய மனுசங்க வண்டி இருக்குது தெரியுமா இதுல? முதல் ஓலை திங்கட்கிழமை போகும். அடுத்த ஓலை எனக்கே வரும், வேற ஊருக்கு மாத்தி." சொன்னாலும் முக்காலியை மடிக்கும்போது அவர் லேசாகச் சீட்டியடித்தார்.

திரும்பும்போது மணியக்கா சொன்னாள். "கண்ணு, இடம் கெடைக்காதுன்னு தெரிஞ்சா இனி பழைய வண்டி தேடி வர்ற கூட்டத்துல பாதி காணாமப் போயிரும்."

"சாரிங்க்கா."

"பாதிக்கு மேலயே போயிரும்." அவள் கியரை மாற்றினாள். "மீதி எத்தனை பேருன்னு பாத்துப்போடலாம்."

அவிநாசி ரோடு நிறைந்து வழிந்தது. இப்போது சாரை கலையவில்லை. நாவல்பழ வண்டியைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மட்டும் திறந்துகொண்டு, வண்டியோடு சேர்ந்தே நகர்ந்தது. முன்னால் ஒரு பஸ், அதன் பின்கண்ணாடி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலில் ஒரு பையன் நிமிர்ந்தான். பக்கத்தில் இருந்தவளை இடித்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி பூராவும் மூக்குகள். பக்கத்து வரிசைக் கார்களில் போன் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஒரு கிழவர் ஜன்னலை இறக்கிக் காதைக் குவித்துக் கேட்டார். இஸ்மாயில் பின்சீட்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

"உள்ள வாடா, கோமாளி!" என்று மணியக்கா கத்தினாள். ஆனால் அடுத்த சிக்னல் வரும்வரை தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

நறுமுகை கையை ஆட்டினாள். பஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருபது கைகளாவது பதிலுக்கு ஆடின.

11 பிப்ரவரி 2051, சனி.

சோதனையில் 43 மீட்டர். சகாயத்துக்குப் புதன்கிழமை தேர்வு. போனில் சொன்னேன், நம்பவில்லை, திட்டினாள், பிறகு அழுதாள். பஸ் நின்றதற்குக் காரணம் நான்தான் என்றும் சொன்னேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. தண்டபாணி வாங்கவில்லை. வண்டி இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.

பிரேக் பிடித்தபோது வண்டி இடப்பக்கமாக ஒரு சாண் இழுத்தது. யாரும் கவனிக்கவில்லை. திடலில் விழுந்த டயர்க் கோட்டில் நான் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாளை: பின்புற இடது டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.